முதல் தோசை

அசையக் கூடாது. ஆறு வருஷமாக ஊரார் தலைகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்குத் தழும்பேறிய வார்த்தை. இன்றைக்கு அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்படி ஆகிவிட்டது ஹெப்சிபாவுக்கு. மூக்கு நுனி அரித்தது. எம்.ஆர்.ஐ குழலுக்குள் தலையைக் கொடுத்த யாருக்கும் மூக்கு அரிக்காமல் இருந்ததில்லை, எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதாத உண்மை இது. சொறியலாம் என்றால் கைகளை இடுப்போடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது, முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் கூண்டு. வலது உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து. முடியவில்லை என்றால் அதை அமுக்கினால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஜாபர் அண்ணன் இயந்திரத்தை நிறுத்தி வெளியே இழுத்துவிடுவார். யாராவது அமுக்கினால் ஹெப்சிபாவுக்குப் பிடிக்காது. எட்டாவதாக வந்த பெரிய மீசைக்காரர் பாதியில் அமுக்கியபோது, "இதுக்கேவா அண்ணாச்சி" என்று கேலிகூடப் பண்ணியிருக்கிறாள். டக் டக் டக் டக் என்று இயந்திரம் தலையைச் சுற்றி இடித்துக்கொண்டிருந்தது. இன்று அவள் படுக்க வேண்டிய நாளே இல்லை. நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க உடம்புக்கு ஒன்றுமில்லாத பன்னிரண்டு பேர் வேண்டும், பன்னிரண்டாவது ஆளாக வர வேண்டிய பரோட்டா மாஸ்டர் கல்யாண ஆர்டர் என்று கையை விரித்துவிட்டார். பத்தே முக்காலுக்கு வாங்கிய நேரம் வீணாகக் கூடாது, நீயே படுத்துவிடு, கணக்குக்கு ஒரு தலை வேண்டும் அவ்வளவுதானே என்றார் கைலாசம் சார், அவளுடைய நெறியாளர். பின்கழுத்து நேற்று மதுரை வரும் பஸ்ஸில் தூங்கித் தூங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. "அந்தத் தடிச்ச பஞ்சை வைங்கண்ணே, கழுத்து தாங்கலை" என்று அவள்தான் கேட்டாள். ஜாபர் அண்ணன் அலமாரியின் அடித்தட்டில் குனிந்து தேடி எடுத்து வைத்தார். கழுத்துக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது. இதை முன்பே கேட்டிருக்கலாம்.

காதுக்குள் அவளுடைய குரலே வந்தது. "இப்போது பரோட்டா வீசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்." ஐயோ, என்ன குரல் இது, ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிப்பதைப் போல. விடுதி அறையில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தது. குழலுக்குள் இரும்பு ஆகாது என்பதால் ஒலிபெருக்கி வெளியேதான் இருக்கும். அங்கிருந்து ரப்பர் குழாய் வழியே காற்றாகத்தான் அந்தக் குரல் காதுக்கு வந்து சேரும். முப்பது விநாடி வீச வேண்டும், முப்பது விநாடி ஓய்வு, இப்படிப் பத்துச் சுற்று. கை அசையக் கூடாது, மனசில் மட்டும் வீச வேண்டும். வீசினாள். எண்ணெய் பூசிய கல் மேடை, உருண்டையைத் தட்டி, விரித்து, ஓரத்தைப் பிடித்து ஒரு சுண்டு. இதற்காகவே இரண்டு நாள் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் போய் நின்று பழகியவள் அவள். முதல் நாள் வீசிய மாவு பக்கத்தில் சால்னா ஊற்றிக்கொண்டிருந்தவரின் தோளில் போய் விழுந்தது. "டாக்டரம்மா, இது படிச்சு வர்றதில்லை" என்று கடை முழுக்கச் சிரித்தது. ஆளின் மூளை வீசுவதாக நினைத்தாலே போதும், உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே, கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போடுகிற இடத்துக்கு ரத்தம் ஓடும். ஓடுவதை இயந்திரம் பார்த்துவிடும். படத்தில் அங்கே சிவப்பு ஏறும். கண் திறக்காமல், விரல் அசைக்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் மாதக்கணக்கில் கிடக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை இதில் படுக்க வைத்து, வீசுங்கள் என்று சொல்லி, சொன்னபோதெல்லாம் சிவப்பு ஏறினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். ஏறாவிட்டால் இல்லை. வெளிநாட்டில் டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொல்வார்களாம். நம்மூரில் யார் டென்னிஸ் ஆடினார்கள்? அவரவர் கைக்குப் பழகின வேலையைச் சொல் என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு, அதுதான் அவள் ஆறு வருஷம், அவள் பட்டம், வரப்போகிற வேலை, தக்கலையில் அம்மா ஜெபக் குறிப்பில் எழுதி வைத்திருக்கும் முதல் வரி. "இப்போது ஓய்வெடுங்கள்" என்றது குரல். கொஞ்சம் கம்மியாகக் கேட்டது. இயந்திரச் சத்தம் கூடிவிட்டதோ.

இசக்கிராஜுக்காகத்தான் இந்தப் பரோட்டா. சாத்தூர்ப் பக்கம் நாலுவழிச் சாலையில் கடை, அதில் மாஸ்டர், முப்பத்தாறு வயது. எட்டு மாதத்துக்கு முன் டிவிஎஸ் வண்டியில் வீடு திரும்பும்போது வேன் இடித்தது. உயிர் தப்பியது, ஆள் எழுந்திருக்கவில்லை. தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கு வழியே கஞ்சிக்கு ஒரு குழாய். கண் திறந்துதான் இருக்கும், எதையும் பார்க்காது. அவர் பெண்டாட்டி சண்முகக்கனி மட்டும் முதல் நாளிலிருந்து ஒரே பல்லவி. "அவியளுக்கு எல்லாம் கேக்கு டாக்டரம்மா. புள்ளய பத்திப் பேசுனா கண்ணோரத்துல தண்ணி வருது." கண் காயாமல் இருக்கத் தானாகச் சுரக்கிற நீர் அது என்று ஹெப்சிபா பொறுமையாக விளக்கியிருக்கிறாள். மூன்று தடவை விளக்கியிருக்கிறாள். நாலாவது தடவை அந்தப் பெண் சொல்ல வாயெடுத்தபோது கைபேசியைப் பார்த்ததுபோல் பாவனை பண்ணியிருக்கிறாள். இரண்டாவது சுற்று. "இப்போது பரோட்டா வீசுவதாக" என்பதோடு குரல் தேய்ந்தது, சுவருக்கு அப்பால் யாரோ பேசிக்கொண்டு போவதைப்போல. பரவாயில்லை, மிச்சம் தெரிந்ததுதானே. வீசு. தட்டு, விரி, சுண்டு. கல்லில் வெந்தவற்றை எடுத்து அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்களே, அந்தச் சத்தம். இசக்கி அண்ணாச்சி அடிக்கிற அடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும், அதைக் கேட்டே லாரிக்காரன் பிரேக் போடுவான் என்று அவர் கடை முதலாளி சொன்னார். ஹெப்சிபா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஓய்வு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்ணினாள், இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. வரவில்லை.

காத்திருந்தாள். டக் டக் டக் டக். பதிவு நின்றுபோயிருக்கும். இல்லை, நின்றால் ஜாபர் அண்ணனுக்கு அங்கே தெரியும், அவர் மேஜை ஒலிபெருக்கியிலும் அதே குரல்தான் ஓடும், நின்றால் உடனே எழுந்து வருவார். அப்படியானால் அவருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. பந்தை அமுக்கிச் சொல்லிவிடலாம். கட்டைவிரல் பந்தின் மேல்தான் இருந்தது. ஆனால் அமுக்கினால் நேரம் போச்சு, மறுபடி நேரம் வாங்க ஒரு வாரம், வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு தலை கணக்குக் காட்டியாக வேண்டும். அதோடு, யோசித்துப் பார்த்தால், எனக்கு எதற்குக் குரல்? எழுதியவளே நான்தானே. முப்பது எண்ணினால் வீச்சு, முப்பது எண்ணினால் ஓய்வு. எண்ணியே முடித்துவிடலாம், படத்தில் வித்தியாசம் தெரியாது, யாருக்கும் தெரியாது. திருட்டுத்தனம்தான். சின்னத் திருட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. குழலின் மேல்பக்கம் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணைத் திறந்து அதைப் பார்த்தது தப்பாகப் போயிற்று. குரல் இருந்தவரை யாரோ கூட இருக்கிற மாதிரி இருந்தது, அது தன் குரலாகவே இருந்தாலும். இப்போது இந்த இடிச்சத்தமும் இருட்டும் மட்டும். குரல் ஏன் போயிற்று? முதலில் நன்றாகத்தானே கேட்டது. உள்ளே தள்ளும் முன்னால் ஜாபர் அண்ணன் "கேக்குதா மேடம்" என்றார், "கேக்குது" என்றாள். அப்புறம் தேய்ந்து தேய்ந்து. இதோ தலை முன்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. பஞ்சு அமுங்கியிருக்கிறது. தடித்த பஞ்சு, மெத்தென்று இருப்பது, உடனே அமுங்காது, தலைக் கனத்துக்கு மெதுவாக இறங்கும். அதற்கு அடியில்தான் காதுக்குழாய் போகிறது. இறங்கி இறங்கிக் குழாயை நசுக்கிவிட்டது, அவ்வளவுதான். மற்ற பதினோரு பேருக்கு மெல்லிசான பஞ்சுதான் வைத்தோம், அதனால் வரவில்லை. இது ஒரு பெரிய விஷயமா? அடுத்த தடவை குழாயை மேல் பக்கமாகக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். எண்ணு. பதினாறு, பதினேழு. இந்தத் தடித்த பஞ்சை யாருக்கு வாங்கினோம்?

எண்ணிக்கை அங்கே நின்றது. அவள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மனசு இருக்கிறதே, அது பொல்லாத கழுதை, எந்தப் பக்கம் இழுக்கக் கூடாதோ அந்தப் பக்கம்தான் இழுக்கும். தொண்டையில் குழாய் இருப்பதால் கழுத்தைச் சற்றுத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டும் என்று வார்டு டாக்டர் சொன்னார், அதற்காக ஜாபர் அண்ணன் கீழமாசி வீதியில் பஞ்சு வாங்கி, அளவுக்கு அறுத்து, ரெக்சின் உறை தைத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு அக்கறையான மனுஷன். ஒரே ஒரு தடவை பயன்படுத்தினோம். அப்புறம் அலமாரியின் அடித்தட்டு. ஐந்து, ஆறு, ஏழு. இல்லை, அன்றைக்கும் இப்படி நசுங்கியிருக்கும் என்று என்ன நிச்சயம்? அன்றைக்குக் குழாய் வேறு மாதிரி போட்டிருக்கலாம். போட்டவள் யார்? நான்தான். எப்படிப் போட்டேன்? எப்போதும் போடுகிற மாதிரி, அடியில். "கேக்குதா" என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லுகிற ஆள் இல்லையே அவர், அதனால் கேட்கவில்லை. கையில் பந்தும் கொடுக்கவில்லை. அமுக்குகிற கை இல்லையே, அதனால் கொடுக்கவில்லை. எல்லாம் நியாயமாகத்தான் செய்தோம். கர்த்தரே, எல்லாம் நியாயமாகத்தான் செய்தோம்.

இசக்கிராஜின் அந்தப் படம். அதை அவள் கண்ணை மூடிக்கொண்டுகூட வரைந்துவிடுவாள், நாலு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீச்சுக்கான இடத்தில் ஒன்றுமில்லை. சரி, ஆள் உள்ளே இல்லை. ஆனால் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குள்ளே, சத்தம் கேட்டால் சிவப்பு ஏறுகிற இடம், அங்கேயும் ஒன்றுமில்லை. நினைவில்லாதவர்களுக்குக்கூட அந்த இடம் பேச்சுக்குத் துள்ளும். இவருக்குத் துள்ளவில்லை. அப்போதே மனசில் ஒரு முள் தைத்தது. கைலாசம் சாரிடம் போய் நின்றாள். "அடிபட்ட மூளைம்மா, கேக்குற பாதையும் அறுந்திருக்கும். எழுதிடு" என்றார். எழுதிவிட்டாள். எழுதியது முள்ளை எடுக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவு சுகம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் சுற்று இருக்கிறதே. இந்த ஆய்வகத்தில் முதல் சுற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புதுசாகப் படுத்தவர் பதறியிருப்பார், இயந்திரமும் ஒரு நிலைக்கு வந்திருக்காது, ஆகவே முதல் சுற்றைத் தள்ளிவிட்டு மிச்ச ஒன்பதைத்தான் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் தோசை என்று அதற்குப் பெயர், கைலாசம் சார் வைத்தது. முதல் தோசை எந்த வீட்டில் ஒழுங்காக வந்தது, கல்லுக்குப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார் என்பார். மாணவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இசக்கிராஜின் முதல் தோசையைத் தள்ளிவிடும் முன்னால் ஹெப்சிபா ஒரு தடவை பார்த்தாள். காதின் இடத்தில் ஒரு சிவப்பு. உச்சந்தலைக்குக் கீழே, சின்னதாக, மிளகு அளவு, இன்னொன்று. பார்த்தாள். முதல் தோசைதானே என்றாள். தள்ளினாள். மற்ற ஒன்பதில் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை என்பதுதானே முடிவு, கூட்டிக் கழித்தால் ஒன்றுமே இல்லை.

கேட்டிருக்கிறது. முதல் தடவை கேட்டிருக்கிறது, கேட்டவுடன் வீசியிருக்கிறார். அப்புறம் பஞ்சு இறங்கிவிட்டது. இதோ எனக்கு இறங்கியதைப்போல. இதே இருட்டு, இதே இடி. நான் இரண்டு நிமிஷம் தாங்கவில்லை, எட்டு மாதம் யாரும் எதுவும் கேட்காமல் கிடந்த மனுஷனிடம் ஒரு நாள் ஒரு குரல் வந்து, வீசு, பார்ப்போம் என்கிறது. எவ்வளவு சந்தோஷமாக வீசியிருப்பார். கல் மேடை, எண்ணெய், சுண்டு. அப்புறம் குரலையே காணோம். ஓய்வெடு என்றும் சொல்லவில்லை, மறுபடி வீசு என்றும் சொல்லவில்லை. காத்திருந்திருப்பார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று நினைத்திருப்பாரோ. சரியாக வீசவில்லையோ என்று. ஹெப்சிபாவின் கண்களிலிருந்து வழிந்த நீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. துடைக்க முடியவில்லை. அமுக்கு, அமுக்கு. விரல் அமுக்கவில்லை. ஏன் அமுக்கவில்லை என்று கேட்டால் அவள் ஆயுசுக்கும் பதில் சொல்லப்போவதில்லை, ஆனால் காரணம் அவளுக்குத் தெரியும். பயம். அமுக்கினால் இது நடந்ததாகிவிடும். இசக்கிராஜ்தான் அவளுடைய ஆராய்ச்சியின் முதுகெலும்பு. முறை எவ்வளவு துல்லியமானது, இல்லை என்பதை எவ்வளவு உறுதியாக இல்லை என்கிறது என்பதற்கு அவர்தான் சாட்சி. கட்டுரையை மாநாட்டுக்கு ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்து பன்னிரண்டு நாள். அம்மா சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டாள். குழாயை அடியில் போட்டுவிட்டேன் என்று யாரிடம் போய் எந்த வாயால் சொல்வது? யாருக்கும் தெரியாது. இந்தத் தடித்த பஞ்சில் படுத்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவரால் சொல்ல முடியாது. இன்னொருத்தி நான்.

பதினோரு மணி. அதை நினைக்கவே கூடாது என்று இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இன்றைக்குப் பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ். காலையில் சண்முகக்கனி வந்து, "போயிட்டு வாறோம் டாக்டரம்மா" என்று ஒரு பொட்டலம் சாத்தூர்க் காராச்சேவு கையில் கொடுத்துவிட்டுப் போனாள், அது ஜாபர் அண்ணன் மேஜையில்தான் இருக்கிறது. இந்த ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்தவள் இதோ படுத்திருக்கிறாள். எழுதிக்கொடுத்தது மட்டுமா, வார்டுக்கே போய்ச் சொன்னாள். மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று, கட்டில் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். சண்முகக்கனி அழவில்லை. "என்னையப் பேசச் சொல்லியிருந்தா ஒருவேள கேட்டிருப்பாவளோ" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய தாய்மாமன், வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல், அவர்தான் முடிவு சொன்னார். "வீட்டுக்குக் கொண்டுபோயி பால ஊத்தி அனுப்பிவச்சிருவோம்த்தா. எத்தன நாளைக்கு அவனும் கெடப்பான், நீயும் கெடப்ப." பாலை ஊற்றுவது என்றால் என்னவென்று ஹெப்சிபாவுக்குத் தெரியும். தொண்டையில் துளை உள்ளவன் வாயில் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு சங்கு பால் ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாமல் எங்கே போகும் என்றும் தெரியும். எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டாலும் நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, அது குடும்பத்தார் விஷயம் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தாள். இன்றைக்கு ராத்திரிக்குள் ஊற்றிவிடுவார்கள். கேட்டுக்கொண்டே கிடக்கிறவன் வாயில் ஊற்றுவார்கள். இப்போது மணி என்ன? பத்தே முக்காலுக்கு உள்ளே வந்தேன். எத்தனை சுற்று ஆயிற்று, ஆறா, ஏழா? எண்ணாமல் விட்டுவிட்டேனே, பாவி, எண்ணிக்கொண்டே இருப்பேனே, எண்ணாமல் விட்டுவிட்டேனே.

அமுக்கினாள். முதல் அமுக்கில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்கினாள், மறுபடியும், பந்து தெறித்துவிடும் போல. இடிச்சத்தம் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் தன் மூச்சு நாய் மூச்சு மாதிரி கேட்டது அவளுக்கு. ஜாபர் அண்ணன் ஒலிபெருக்கியில் ஏதோ கேட்டிருப்பார், அதுவும் அந்தக் குழாய் வழியாகத்தானே வர வேண்டும், வரவில்லை. படுக்கை வெளியே நகர்ந்தது. வெளிச்சம்.

"என்ன மேடம், உடம்புக்கு என்னமும் பண்ணுதா? மூணு தரம் கேட்டேன், பதிலைக் காணோம்."

"மணி என்ன?"

"பத்து அம்பத்தேழு. படுங்க மேடம், கூண்டைக் கழட்டிக்கிறேன்."

"அண்ணே, குரல் கேக்கலை. ரெண்டாவது சுத்துலேயே போயிருச்சு."

"எனக்கு இங்க நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு." அவர் கூண்டைத் தூக்கினார், அவள் கழுத்துக்கு அடியில் கையை விட்டார், விட்ட கை அங்கேயே நின்றது. குழாய் நாடா மாதிரித் தட்டையாகிக் கிடந்தது. "அட. நீங்க ஒண்ணுஞ் சொல்லலையா, அதான் கேக்குதுன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவரே பஞ்சைப் பார்த்தார். தைத்த உறையைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, அல்லா என்றாரோ என்னவோ. அதற்குள் ஹெப்சிபா பட்டையைப் பிய்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

செருப்பு வெளியே எங்கோ கிடந்தது. நீல அங்கி முதுகுப் பக்கம் நாடா அவிழ்ந்து பறந்தது. பினாயில் துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடினாள். ஒரு நர்ஸ், "எந்த வார்டு பேஷன்டும்மா நீ" என்று அதட்டியது கேட்டது. என்ன சொல்லப் போகிறாய்? இத்தனை நாள் இல்லை என்றவள் இப்போது இருக்கிறார் என்பாயா? அதுவும் நிச்சயம் இல்லையே. மிளகு அளவுச் சிவப்பு, ஒரே ஒரு சுற்று, அதை வைத்து ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கைலாசம் சார் சிரிப்பார், அப்புறம் சிரிக்க மாட்டார். நம்பிக்கையைக் கொடுத்து, மறுபடி படுக்க வைத்துப் பார்த்து, மறுபடியும் ஒன்றுமில்லை என்றால் அந்தப் பெண் செத்தே போவாள். போர்ட்டிகோ. ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்திருந்தது. முன்சீட்டில் மாமனின் வெள்ளை வேட்டி. ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, ஒரு கையில் தலையணையோடு சண்முகக்கனி ஏறுவதற்குக் காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

"போகாதீங்கம்மா." மூச்சு வாங்கியது. "அன்னிக்கு அவருக்குக் கேக்கலை. அவர் காதுல இல்ல கோளாறு, குழாய்ல. தலைக்கு அடியில நசுங்கிப்போச்சு, நாங்க சொன்னது எதுவுமே அவருக்குப் போய்ச் சேரலை. நான்தான் குழாயைப் போட்டேன். தப்பு என் மேலதான்."

சண்முகக்கனி வாளியைக் கீழே வைத்தாள். திட்டுவாள், வாளியைத் தூக்கி முகத்தில் எறிவாள் என்று ஹெப்சிபா எதிர்பார்த்தாள். அப்படி எறிந்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண் அவளுடைய வெறுங்காலையும் அங்கியையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"முதல் தடவை மட்டும் கேட்டிருக்கு. அது படத்துல இருந்துச்சு. நான் அதைச் சேர்க்காம விட்டுட்டேன்."

"கேட்டு?"

"வீசியிருக்காருன்னு நினைக்கிறேன்."

"வீசுனாவளா?" சண்முகக்கனியின் முகம் என்னென்னவோ ஆயிற்று. "பரோட்டா வீசுனாவளா டாக்டரம்மா?"

"ஒரு தடவை. நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. திரும்ப எடுத்துப் பாக்கணும். இன்னிக்கே பாக்கணும். அவரைக் கொண்டு போகாதீங்க."

மாமன் முன்சீட்டிலிருந்து, "என்னத்தா, என்ன சொல்லுது அந்தப் பொண்ணு, நேரமாவுதுல்லா" என்றார். சண்முகக்கனி படியிலிருந்து விலகி வழி விட்டாள்.

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதீய? அவியகிட்ட சொல்லுங்க."

ஹெப்சிபா ஏறினாள். உள்ளே மருந்து வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவி விட்டிருந்தார்கள். கண்கள் வண்டியின் கூரையைப் பார்த்தபடி திறந்திருந்தன. குனிந்து அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனபோது, இந்த மனுஷனிடம் தான் நேராக ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பதிவு செய்து வைத்துத்தான் பேசினாள். மற்றதெல்லாம் அவரைப் பற்றி, அடுத்தவரிடம், அவர் தலைக்கு மேலே பேசியது. தலைக்கு மேலே. கை இப்போது ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்திருந்தது, அன்றைக்குக் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அதே மாதிரி, இதே காதிலிருந்து இதே ஒரு சாண் தூரத்தில். அப்போது இடையில் ரப்பர் குழாய் எதுவும் இல்லை, நசுங்குவதற்குப் பஞ்சும் இல்லை. இந்த மூன்று மாதத்தில் அவள் அவர் முன்னால் பேசியதில் இரண்டே இரண்டுதான் அவர் மனசுக்குப் போய்ச் சேரும்படி சொன்னது. வீசுங்கள் என்றாள், அவர் வீசினார். அதற்குக் கைம்மாறாக வார்டுக்கே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் காதுபட, நிறுத்தி நிதானமாக அவள் சொன்னாள். "அவருக்கு நாம பேசுறது எதுவும் கேக்காதும்மா. உள்ள யாரும் இல்லை. மனசைத் தேத்திக்கோங்க." இருபத்தொரு நாளாக அவர் அதோடு படுத்திருந்தார்.

மூன்றாவதாக என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அண்ணாச்சி" என்றாள். வெளியே டிரைவர் கதவில் தட்டினான். கேட்டிருக்காதோ என்று பயந்து மறுபடி, சத்தமாக, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள்.